யார்மீது ஐயம்?

கடவுள் நேரில் வந்தார் என்று ஒருவன் சொன்னால், "எங்கே, காட்டு" என்கிறோம். சாமியாடி குறி சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்?" என்று மடக்குகிறோம். சோதிடன் கட்டம் போட்டால், அந்தக் கட்டத்துக்கும் நம் வாழ்வுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறோம். கேட்டுக் கேட்டே வளர்ந்த இயக்கம் நம்முடையது; கேள்வியே நமது படைக்கலம். அந்தப் படைக்கலத்தைக் கையிலேந்தி, நம் பாசறை இளைஞர்களிற் சிலர் இன்று நம்மை நோக்கியே ஒரு கேள்வி தொடுக்கிறார்கள்.

"எதையும் சான்றின்றி ஏற்காதே என்று கற்பித்தவர்கள் நீங்கள். ஆனால் ஒரு பெண் வந்து, 'எனக்கு இக்கொடுமை நேர்ந்தது, இன்னவன் செய்தான்' என்று கூறும்போது மட்டும், அவளை ஐயத்தோடு நோக்காதீர்கள் என்கிறீர்கள். பூசாரியின் சொல்லுக்கு ஒரு நியாயம், பாதிக்கப்பட்டவளின் சொல்லுக்கு வேறொரு நியாயமா? இது எந்தப் பகுத்தறிவு?"

ஏளனம் செய்து ஒதுக்கிவிடத் தக்க கேள்வி அன்று இது. கேட்போரில் குதர்க்கம் பேசுவோர் உண்டு. கொடுமைக்காரனுக்குக் குடை பிடிப்போரும் உண்டு. ஆனால் உண்மையாகவே குழம்பி நிற்போரும் உளர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கல் பால் குடித்தது என்பவன், இயற்கை தன் விதியை மீறியது என்கிறான். அவனிடம் பலமான சான்று கேட்பதுதான் முறை. ஏனெனில் அவன் சொல்வது, உலகம் இதுவரை கண்டறிந்த அனைத்துக்கும் மாறானது. ஒரு பெண், தன்னை ஒருவன் வலுக்கட்டாயமாகச் சூறையாடினான் என்று சொன்னால், அதில் இயற்கைக்கு மாறானது எது? உலகத்தார் கண்டிராதது எது? பட்டப்பகலில் நடக்கிறது, நள்ளிரவில் நடக்கிறது, காவல் நிலையத்தில் நடக்கிறது, கட்டிய வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. அற்புதத்தைக் கண்டேன் என்பவனையும், அன்றாடம் நிகழும் கொடுமைக்கு நானும் ஆளானேன் என்பவளையும் ஒரே தராசில் வைப்பது பகுத்தறிவு ஆகாது. எடைக்கல்லை மாற்றிப் போடும் வேலை அது.

பெட்டியை உடைத்துத் திருடிவிட்டான் என்று ஒரு வணிகர் முறையிடுகிறார். "பெட்டியில் பணம் இருந்ததை ஊரறியக் காட்டினீரோ? திருடன் வந்தபோது போராடினீரோ? உமது உடம்பில் காயம் எங்கே? இதற்குமுன் யாருக்கேனும் தருமம் கொடுத்த பழக்கம் உண்டோ? உண்டென்றால் இவனுக்கும் மனமுவந்தே கொடுத்திருப்பீர்!" என்று எவரேனும் கேட்பதுண்டா? கேட்டால் சிரிப்போம். இதே கேள்விகளைப் பெண்ணிடம் கேட்கும்போது மட்டும் சிரிப்பு வருவதில்லை. கேட்பவர் முகத்தில் அறிவாளியின் களை வந்துவிடுகிறது!

இந்த ஐயம் எங்கிருந்து பிறந்தது? அதன் பிறப்பைத் துருவினால் நம் இளைஞர்களுக்கு வியப்புக் காத்திருக்கிறது.

17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மாத்யூ ஹேல் என்றொரு நீதிபதி இருந்தார். சட்ட மேதை என்று போற்றப்பட்டவர். அவர் எழுதி வைத்த குற்றவியல் நூல், அவர் மறைந்து 60 ஆண்டுகள் கழித்து, 1736 இல் அச்சேறியது. இந்தக் குற்றத்தைச் சாட்டுவது எளிது, மெய்ப்பிப்பது கடினம், குற்றமற்றவன் தப்புவது அதனினும் கடினம் என்ற கருத்தை அதில் விதைத்தவர் அவரே. ஆங்கிலச் சட்டம் சென்ற நாடெல்லாம் அந்தக் கருத்தும் சென்றது. பெண் சொன்னால் பதின்மடங்கு எச்சரிக்கை கொள் என்று நீதிபதிகள் இருநூறாண்டுக்கு மேல் பாடம் படித்தது இந்தப் பள்ளியில்தான்.

சரி, அத்துணை எச்சரிக்கை மிக்க அந்தப் பேரறிவாளர், வேறு வழக்குகளில் எப்படி நடந்துகொண்டார்? 1662 ஆம் ஆண்டு. பெரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்னும் ஊரில் அவர் முன்னே இரண்டு வயது முதிர்ந்த கைம்பெண்கள் நிறுத்தப்பட்டார்கள். குற்றம், சூனியம் வைத்தது. சில சிறுமிகளுக்கு வலிப்பு வருகிறது, குண்டூசியைக் கக்குகிறார்கள், இந்தக் கிழவிகள் தொட்டால் துள்ளுகிறார்கள் என்றார்கள். அவையிலிருந்த சில பெரியவர்களுக்கு ஐயம் வந்தது. ஒரு சிறுமியின் கண்ணைத் துணியால் மறைத்து, கிழவிக்குப் பதில் வேறொருத்தியைத் தொடச் செய்தார்கள். சிறுமி முன்போலவே துள்ளினாள்! "இது வெறும் பித்தலாட்டம்" என்று சோதித்தவர்கள் வந்து சொன்னார்கள். அறிவியல் முறையில் அமைந்த அருமையான சோதனை. நம் ஊர்ப் பேயோட்டிகளுக்கு நாம் வைக்கும் சோதனையும் இதுதான். ஹேல் என்ன செய்தார்? சூனியக்காரிகள் உண்டு என்பதில் தமக்கு ஐயமே இல்லை, வேதம் சொல்கிறது, சட்டங்களும் சொல்கின்றன என்று நடுவர்களுக்கு எடுத்துரைத்தார். இரு கிழவிகளும் தூக்கிலிடப்பட்டார்கள். 30 ஆண்டுக்குப் பின் அமெரிக்காவில் சேலம் என்ற ஊரில் (நம் சேலம் அன்று) சூனியக்காரிகள் என்று பலரைத் தூக்கிலிட்டபோது, இந்த வழக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்டது.

கண்ணெதிரே சோதனை பொய்த்தும் சூனியத்தை நம்பியவர், பெண் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால் நம்பாதே என்றார். அந்த இடத்தில் ஏட்டில் இருந்ததை நம்பினார். இந்த இடத்தில் எதிரில் இருந்தவளை நம்பவில்லை. இரண்டு இடத்திலும் கெட்டது பெண்கள்தாம். அறிவின் குழந்தை என்று நம் தோழர்கள் எண்ணிக் கொண்டிருக்கும் அந்த ஐயத்தின் குலமுறை இது. சூனியமும் அதுவும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1872 இல் வெள்ளையர் வகுத்த சாட்சியச் சட்டத்தின் 155 ஆம் பிரிவில் ஒரு வரி இருந்தது. வன்கொடுமை வழக்கில் முறையிட்ட பெண் பொதுவாக ஒழுக்கங்கெட்டவள் என்று காட்டி, அவள் சொல்லைச் செல்லாததாக்கலாம் என்பது அதன் பொருள். குற்றஞ் சாட்டப்பட்டவனின் ஒழுக்கத்தைத் தோண்டத் தடை. முறையிட்டவளின் ஒழுக்கத்தைத் தோண்ட உரிமை! வெள்ளையன் போன பின்னும் அரை நூற்றாண்டு அந்த வரி உயிரோடிருந்தது. 2003 இல்தான் நீக்கப்பட்டது.

அந்த வரியின் நிழலில் நடந்த வழக்கு ஒன்று. 1972 மார்ச்சு மாதம், மராட்டிய மாநிலம் சந்திரப்பூர் மாவட்டத்தில், தேசாய்கஞ்ச் காவல் நிலையத்துக்கு ஒரு புகாரின் பொருட்டு அழைத்து வரப்பட்ட பழங்குடிச் சிறுமி, அங்கேயே காவலரால் சூறையாடப்பட்டாள். மதுரா என்ற பெயரால் வழக்கேடுகள் அவளை அறியும். கீழ்மன்றம் அவள் ஆண் உறவுக்குப் பழகியவள் என்று கூறிக் காவலரை விடுவித்தது. உயர்நீதிமன்றம் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. காரணம்? உடம்பில் காயமில்லை, கூச்சலிட்டதற்கு அடையாளமில்லை, ஆகவே இணங்கினாள். நள்ளிரவில், வாயிற்கதவு சாத்திய காவல் நிலையத்தில், உறவினர் வெளியே நிற்க, சீருடை அணிந்தவனை ஓர் ஏழைச் சிறுமி எப்படி எதிர்த்திருக்க வேண்டும் என்று அந்த மன்றம் எதிர்பார்த்ததோ, நாமறியோம். உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்னும் சட்ட ஆசிரியர் நால்வர் 1979 இல் தலைமை நீதிபதிக்கே திறந்த மடல் எழுதினர். அடங்கிப்போவது வேறு, இணங்குவது வேறு என்பதை நாட்டின் உச்ச மன்றத்துக்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது! தெருவில் இறங்கிப் பெண்கள் கேட்ட பிறகு, 1983 இல் சட்டம் திருந்திற்று. காவலில் நடக்கும் வன்கொடுமையில், பெண் "நான் இணங்கவில்லை" என்று மன்றத்தில் சொன்னால், மாறானதை மெய்ப்பிக்கும் சுமை இனிக் குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுடையது.

1992 இல் ராஜஸ்தானத்தில் பட்டேரி கிராமத்தில் நடந்ததையும் நம் இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். பன்வாரி தேவி என்னும் குயவர் குலப் பெண், அரசின் மகளிர் நலத் திட்டத்தில் ஊழியர். குழந்தை மணத்தைத் தடுக்க முயன்றார். அதற்குப் பழியாக, கணவர் கண்ணெதிரிலேயே கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். 1995 இல் கீழ்மன்றம் குற்றஞ் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. மேல்சாதியார், அவரிலும் ஒருவர் பார்ப்பனர், கீழ்சாதிப் பெண்ணைத் தொட்டிருக்க மாட்டார் என்பது அங்கே சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. ஆகா, என்ன ஆராய்ச்சி! தீட்டு என்னும் மூடநம்பிக்கை, நீதியின் மேடையேறிச் சாட்சி சொல்லிற்று. சொன்னது ஏற்கவும் பட்டது. தீண்டாமை பேசுவோன் இரவில் எதைத் தீண்டுவான், எதைத் தீண்டமாட்டான் என்று சேரியிலே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களே! அந்தப் பெண்மணி ஊரை விட்டு ஓடவில்லை. பேச்சை நிறுத்தவும் இல்லை. அவர் நிமித்தம் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில் 1997 இல் உச்சநீதிமன்றம் விசாகா நெறிகளை வகுத்தது. 2013 இல் பணியிடப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. இன்று அலுவலகத்தில் நம் தங்கையர் முறையிட ஒரு குழு இருக்கிறதென்றால், அது அந்தக் குயவர் குலப் பெண்ணின் பிடிவாதம் ஈன்றது.

இந்த வழக்குகளில் எல்லாம் ஐயம் எதன்மீது நின்றது என்று பாருங்கள். போலீசார் பொய் சொல்லார், மேல்சாதியார் தீட்டுப்படார், நல்ல பெண் என்றால் காயம் பட்டிருப்பாள். ஒன்றாவது சோதித்து அறிந்த உண்மையா? அத்தனையும் பழக்கத்தில் வந்த நம்பிக்கை. அவற்றின்மீது எவரும் ஐயங்கொள்ளவில்லை. பெண் வாய் திறந்தபோது மட்டும் எல்லோரும் ஐயவாதிகளானார்கள்.

தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

தருமபுரி மாவட்டம், அரூர் வட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி. மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர். 1992 ஜூன் 20 ஆம் நாள், பதுக்கிய சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை மூன்றும் கூட்டாக ஊருக்குள் புகுந்தன. ஆடவர் பலர் மலைக்கு ஓடினர். எஞ்சிய பெண்டிரையும் முதியோரையும் பிள்ளைகளையும் மரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தனர். அவர்களிலிருந்து 18 இளம் பெண்களைப் பிரித்து ஏரிப்பக்கம் கொண்டு சென்று சூறையாடினர். பள்ளி செல்லும் வயதுச் சிறுமியும் அதில் ஒருத்தி. வீடுகள் இடிந்தன, தானியம் பாழாயிற்று, ஆடு, கோழிகள் அடித்துத் தின்னப்பட்டன. பின்பு சூறையாடப்பட்டவர்களையே கடத்தல்காரிகள் என்று வழக்கிட்டுச் சேலம் சிறையில் தள்ளினர்.

அப்போது எந்தப் பக்கம் சான்று இருந்தது? அரசின் பக்கம் முத்திரை இருந்தது, கோப்பு இருந்தது, கையொப்பம் இருந்தது. பெண்களின் பக்கம் அவர்கள் வாய் மட்டுமே இருந்தது; அதுவும் எழுத்தறியாத வாய். அன்றைய ஆட்சி மறுத்தது. "சந்தனம் கடத்தியவர்கள் தப்பிக்கக் கட்டிய கதை" என்றார்கள். நடுநிலையாளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோர், "இரு பக்கமும் கேட்க வேண்டும்" என்று தலையாட்டினர். ஒரு பக்கம் சிறைக்குள் கிடந்தது; மறுபக்கம் சிறைக்குக் காவல் நின்றது. இதில் இரு பக்கம் கேட்பதாம்!

கேட்டவர்கள் சிலர் இருந்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சியக் கட்சித் தோழர்களும் ஊருக்குள் போய்க் கேட்டார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் தென்மண்டல அலுவலராயிருந்த பாமதி என்னும் ஆட்சிப்பணி அதிகாரி நேரில் சென்று, பெண்களோடு உட்கார்ந்து கேட்டு, அரசு சொன்னதற்கு மாறாக அறிக்கை எழுதினார். வேற்றுக் கட்சியார் செய்ததென்று நாம் சொல்லாமல் விட்டால், அது நேர்மையன்று. 1995 இல் உயர்நீதிமன்றம் நடுவண் புலனாய்வுத் துறையை விசாரிக்கப் பணித்தது. அடையாள அணிவகுப்பில் அந்தப் பெண்களே சீருடைக்காரர் முன் நின்று, இவன், இவன் என்று காட்டினார்கள்.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றஞ் சாட்டப்பட்டோர் 269 பேர்: வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்துபோயினர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்றது மன்றம். ஒருவர் விடாமல் 215 பேர்! அவருள் 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்கு. மேல்முறையீட்டை விசாரித்த உயர்நீதிமன்ற நீதிபதி வேல்முருகன், 2023 மார்ச்சில் தாமே வாச்சாத்திக்குச் சென்று பார்த்தார். 2023 செப்டம்பர் 29, அதே நாள், 12 ஆண்டு கழித்து, தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பேருக்கும் தலைக்கு 10 இலட்சம் உரூபாய் தர ஆணையிட்டு, அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமே வசூலிக்கச் சொன்னார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்.

ஆக, எது மெய்? 1992 இல் அந்த 18 வாய்கள் சொன்னவை மெய். முத்திரை வைத்த கோப்புகள் சொன்னவை பொய். கண்டுபிடிக்க 31 ஆண்டு பிடித்தது. பாதிக்கப்பட்டோர் சொல்லை முதல் நாளிலேயே எழுதிக்கொண்டு, அதன்மேல் ஆராய்ச்சியைத் தொடங்கியிருந்தால், காயம் ஆறுமுன், தடயம் அழியுமுன், சில திங்களில் தெரிந்திருக்கும். ஐயம் உண்மையைக் காக்கவில்லை. உண்மை வெளிவரும் வழியை அடைத்து நின்றது.

"அப்படியானால் பெண் சொல்வதெல்லாம் வேதவாக்கா? பொய் வழக்கே கிடையாதா?" என்று கேட்பார்கள். வேதவாக்கு என்பது நம் அகராதியிலேயே இல்லை. பெண்ணும் மனிதப் பிறவி. பொய் சொல்லும் ஆற்றல் ஆணுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தன்று. திருட்டுக்கும் பொய் வழக்குண்டு, தீ விபத்துக்கும் உண்டு. அதற்காகத் தீயணைப்பு வண்டியை நிறுத்தி வைத்து, "மெய்யாகவே எரிகிறதா என்று முதலில் மெய்ப்பி" என்பதில்லை. கேட்பது ஒன்று, விசாரிப்பது ஒன்று, தண்டிப்பது ஒன்று. தண்டிக்கும் இடத்தில் ஐயத்தின் பலன் குற்றஞ் சாட்டப்பட்டவனுக்கு உரியது. அதை நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். விட்டால் நாளை அது ஏழை மீதும் ஒடுக்கப்பட்டோர் மீதுமே பாயும். ஆனால் தண்டிக்கும் இடத்துக்குரிய ஐயத்தைக் கேட்கும் இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தி, வாசலிலேயே அவளைத் திருப்பி அனுப்புகிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம். இப்படிப்பட்ட புகாரைப் பதிய மறுக்கும் காவல் அலுவலருக்கே சிறை என்று 2013 இல் சட்டம் செய்ய நேர்ந்தது என்றால், எத்தனை பேர் வாசலில் திருப்பப்பட்டிருக்க வேண்டும்!

இனி, அவள் ஏன் வாய் திறக்கத் தயங்குகிறாள் என்பதைக் காண்போம். அதற்குப் பூட்டு நம் மொழியிலேயே இருக்கிறது. "கற்பழிப்பு" என்கிறோம். நம் பழைய ஏடுகளும் அப்படித்தான் எழுதின. குற்றம் செய்தவன் அவன்; அழிந்தது இவளுடைய கற்பாம்! ஒருவன் கையை வெட்டினால், வெட்டுண்டவனின் மானம் போயிற்று என்பதுண்டா? பெண்ணுக்கு மட்டும் ஒரு பண்டத்தைச் சுமக்கக் கொடுத்து, அதைக் கள்வன் தொட்டால் சுமந்தவளே கெட்டவள் என்று விதித்தது யார்? கற்பு என்பது பெண்ணை அடிமையாக்கப் பூட்டிய விலங்கு என்று பெரியார் சொன்னபோது, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வைதிகர் துடித்தார்கள். அந்த விலங்கு வாயிலும் பூட்டப்பட்டிருந்தது என்பதை, முறையிட வந்து முடியாமல் திரும்பிய ஒவ்வொருத்தியும் அறிவாள். வன்கொடுமை என்போம், வன்புணர்ச்சி என்போம். அந்தப் பழஞ்சொல் போகட்டும். சொல் போனால் மட்டும் போதாது என்பதற்கும் சான்றுண்டு. மருத்துவர் இரு விரலால் செய்துவந்த இழிவான சோதனையை 2013 இல் உச்சநீதிமன்றம் கண்டித்தது. 2022 இல் மீண்டும், செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று சொல்ல வேண்டியிருந்தது. விரல் தேடியதும் அதே பண்டத்தைத்தான்.

பூட்டை உடைத்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரை எண்ணிப் பாருங்கள். தேவதாசி முறைக்குள் வளர்க்கப்பட்டு, அதை உதறி வெளிவந்தவர். கடவுளின் பேரால் நடக்கும் அந்தக் கொடுமையை வெளியிலிருந்து ஆராய்ந்தவர்கள் பலர். உள்ளிருந்து அறிந்து ஊர் ஊராய்ச் சென்று உரைத்தவர் அவர். தரகர் யார், பணம் எங்கே போகிறது, சிறுமியை எப்படிப் பழக்குகிறார்கள், மிராசுதார் வீட்டுத் திண்ணைக்கும் கோயில் மண்டபத்துக்கும் உள்ள வழி எது என்பவற்றை 1936 இல் நாவலாகவே எழுதினார். 1947 இல் சென்னை மாகாணச் சட்டம் அம்முறையை ஒழித்தபோது, முத்துலட்சுமி ரெட்டியாரின் சட்டமன்ற உழைப்போடு இந்த அம்மையாரின் நாவும் அதற்குப் பின்னே இருந்தது. "உணர்ச்சி வசப்பட்டவள், ஒருதலையாகப் பேசுகிறாள்" என்றுதான் அவரையும் சொன்னார்கள். செருப்புக் கடிக்கும் இடம் எது என்று காலுக்குத் தெரியும். தைத்தவன் சொல்வது நடுநிலை, கால் சொல்வது ஒருதலையாம்!

இங்கே நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1920களின் இறுதியில், ஒழிப்பு முயற்சியை எதிர்த்தும் அச்சமூகப் பெண்களிற் சிலர் விண்ணப்பித்தனர். பிழைப்புப் போகும், கலை போகும், சொத்துரிமை போகும் என்றனர். அவர்கள் கேட்டதில் ஒரு பகுதிக்கு விடை இல்லாமலே சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டோர் எல்லோரும் ஒரே குரலில் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அவர்களை மனிதராக மதியாத குற்றமே. கேட்பது என்றால், நமக்குப் பிடித்த வாக்குமூலத்தை மட்டும் பொறுக்கி எடுப்பதன்று.

இதை, ஆய்வு செய்யப் புறப்படும் நம் மாணவத் தோழர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். பட்டத்துக்காகவும் பத்திரிகைக்காகவும் கொடுமைக்குள்ளானவரைத் தேடிச் செல்வோர் பெருகிவிட்டனர். போகிறார்கள், அழ வைக்கிறார்கள், எழுதிக்கொண்டு வருகிறார்கள், பின்பு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. காவலரிடம் ஒருமுறை, மருத்துவரிடம் ஒருமுறை, மன்றத்தில் ஒருமுறை சொன்னவள், ஆய்வாளரிடமும் ஒருமுறை தன் காயத்தைத் திறக்க வேண்டும். எதற்காக? அவளுக்கு என்ன கைம்மாறு? எழுதியதை அவளிடம் படித்துக் காட்டினார்களா? இதை எழுதாதே என்று அவள் சொன்னதை விட்டார்களா? உலக நலவாழ்வு நிறுவனம் 2001 இலேயே இதற்கு நெறி வகுத்தது: அறிவு சேர்ப்பதைவிடப் பேசுபவளின் பாதுகாப்பே முதல் என்று.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். பாதிக்கப்பட்டவர் பெயரை வெளியிடுவது குற்றம் என்று 1983 இல் சட்டம் வந்தது, நல்ல சட்டம். ஆனால் 2012 இல் கல்கத்தா பார்க் வீதியிலிருந்து தொடங்கிய கொடுமைக்கு ஆளான சுசெட் ஜோர்டன், அடுத்த ஆண்டு தாமே முன்வந்து, "இது என் பெயர், இது என் முகம், வெட்கப்பட வேண்டியவள் நானல்லள்" என்னும் கருத்தை நாடறியச் சொன்னார். 2015 மார்ச்சில் அவர் நோயால் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு வந்தது, குற்றவாளிகள் தண்டிக்கப்பட்டனர். மறைக்கும் உரிமையும் அவளுடையது. வெளியிடும் உரிமையும் அவளுடையதே. நாம் அவளுக்காக வெட்கப்பட்டு மூடி வைத்தால், அது பாதுகாப்பு ஆகாது, பழைய பூட்டே ஆகும்.

மீண்டும் ஹேலிடம் வருகிறோம். அந்த மனிதர் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. கணவன் தன் மனைவி மீது இக்குற்றம் இழைத்தவன் ஆகான், திருமணத்தின்போதே அவள் தன்னைக் கொடுத்துவிட்டாள் என்று எழுதி வைத்தவரும் அவரே. அவர் நாட்டின் மேல்மன்றம் 1991 இல் அதைத் தூக்கியெறிந்தது. நம் நாட்டில் 1860 இன் தண்டனைச் சட்டத்தில் ஏறிய அந்த விலக்கு, அச்சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும், 18 வயது நிரம்பிய மனைவியைப் பொறுத்தவரை, அப்படியே ஏறிக்கொண்டது. பேருக்கு மட்டும் வெள்ளையன் சட்டம் போயிற்று. சூனியத்தை நம்பிய நீதிபதியின் வரி வடமொழிப் பெயர் பூண்டு நிற்கிறது.

இது யாரோ எங்கோ படும் துன்பம் என்று எண்ண வேண்டா. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களிடம் கேட்டபோது, கணவனின் அடிக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானதாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு 29 பேர். தமிழ்நாட்டில் 38 பேர். சமூகநீதியின் தாயகம் என்று மேடைதோறும் நாம் முழங்கும் தமிழ்நாட்டில்! எவ்வகைக் கொடுமையாயினும், அதற்கு ஆளானோரில் நாடு முழுதும் நூற்றுக்கு 77 பேர் எவரிடமும் உதவி கேட்கவுமில்லை, எவரிடமும் சொல்லவுமில்லை. அந்த ஆய்வில் இந்தக் கேள்விகளை ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பார்கள். அதுவும் அருகில் வேறெவரும் இல்லாதபோது மட்டுமே. தனிமை கிடைக்காவிட்டால் கேட்காமலே திரும்பிவிடுவார்கள்.

ஐயரும் மந்திரமும் இல்லாமல், தலைவர் வாழ்த்துரையோடு மணம் முடித்த வீடுகளும் அந்த வீடுகளின் வரிசையில் உண்டு. அங்கேயும் கேட்க வந்தவர், "ஐயா, சற்று வெளியே இருங்கள், அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும்" என்றுதான் சொல்லியிருப்பார். எழுந்து வெளியே போன தோழர் எத்தனை பேர், "எனக்குத் தெரியாமல் அவளிடம் என்ன கேள்வி?" என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டவர் எத்தனை பேர் என்று எந்த ஏட்டிலும் கணக்கில்லை. அடுத்த முறை ஆய்வுக்கு வரும்போது நம் இளைஞர்கள் எழுந்து வெளியே போகட்டும். திரும்பி வந்ததும், என்ன கேட்டார்கள் என்று வினவாமலும் இருக்கட்டும்.